மருமகனைப் புரிந்துகொள்ளப் பிறந்த வினாத்தாள்

அலுவலகத்தில் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' பயிற்சிக்குப் போய் வந்தவர்களில் பலருக்கு இந்தத் தாளைத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எழுதி முடித்தால் கையில் நான்கு எழுத்துகள் கிடைக்கும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால், "நான் ஐ.என்.எஃப்.பி., அவ இ.எஸ்.டி.ஜே." என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மையர்ஸ்–பிரிக்ஸ் ஆளுமை வகை வினாத்தாள், சுருக்கமாக எம்.பி.டி.ஐ. ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் இதை எழுதுவதாகச் சொல்கிறார்கள்.

இதைத் தயாரித்தவர்கள் உளவியல் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். ஒரு தாயும் அவருடைய மகளும்தான். மகள் கைகாட்டிய பையனைப் புரிந்துகொள்ள முடியாமல் அந்தத் தாய் திகைத்துப் போனதில் தொடங்கியது இதன் கதை. அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுப் போர்க்கால அலுவலகம், மருத்துவக் கல்லூரி, பெருநிறுவனம் என்று சுற்றி, கடைசியில் நம் கைபேசிவரை வந்து சேர்ந்திருக்கிறது இந்தத் தாள். அது வந்த வழியைத் தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

தாயின் திகைப்பு

கேதரின் குக் பிரிக்ஸ் 1875இல் மிச்சிகனில் பிறந்தவர். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில் வேளாண்மை படித்தவர். கணவர் லைமன் பிரிக்ஸ் இயற்பியல் அறிஞர். பிற்காலத்தில் அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தின் தலைவரானார். 1897இல் பிறந்த இசபெல் மட்டுமே தங்கினாள். மற்ற குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. கேதரின் தன் கவனம் முழுவதையும் அந்த ஒரே மகள்மேல் வைத்தார். வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். மகள் கேட்ட கேள்விகளையும் கற்ற விதத்தையும் குறிப்பெடுத்து வைத்தார். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்.

இசபெல் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். வழக்கறிஞராகப் போகிறவர், நல்ல பிள்ளை. கேதரினுக்கு அவரிடம் குறையேதும் தெரியவில்லை. ஆனால் அவர் மனம் வேலை செய்த விதம்தான் பிடிபடவில்லை. பிரிக்ஸ் வீட்டில் பேச்சு யோசனைகளைச் சுற்றியே நடக்கும். நாளைக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்பதில்தான் அவர்களுக்குச் சுவாரசியம். கிளாரன்ஸோ கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்பவர், விவரம் தவறாதவர், காரியத்தில் கண்ணாக இருப்பவர்.

இப்படி ஒருவர் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலானவர்கள் ஒதுங்கிப் போவோம், அல்லது அவரை மாற்றப் பார்ப்போம். கேதரின் புத்தகங்களைத் தேடிப் போனார். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து, மனிதர்களைச் சிந்தனையில் ஆழ்பவர், சட்டென்று செயல்படுபவர், நிர்வகிப்பவர், பழகுவதில் இன்பம் காண்பவர் என்று நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார். 1918இல் கிளாரன்ஸ் மருமகனானார். கேதரினின் ஆராய்ச்சி நிற்கவில்லை.

சூரிச்சிலிருந்து வந்த புத்தகம்

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் மனநல மருத்துவர் கார்ல் யுங் இதேபோன்ற ஒரு கேள்வியோடு இருந்தார். அவருக்கும் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டுக்கும் இருந்த உறவு முறிந்திருந்தது. அதற்கு முன்பே ஆட்லர் என்ற மற்றோர் உளவியலாளரும் ஃப்ராய்டைவிட்டுப் பிரிந்திருந்தார். ஒரே மனநோயை ஃப்ராய்டு ஒருவிதமாகவும் ஆட்லர் வேறுவிதமாகவும் விளக்கினார்கள். இரண்டு விளக்கமும் பொருந்தி வந்தன. அப்படியானால் வித்தியாசம் நோயாளியிடம் இல்லை, பார்ப்பவர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று யுங் நினைத்தார். ஒருவருக்குக் கவனம் வெளியே இருக்கும் மனிதர்கள்மேலும் பொருள்கள்மேலும் போகிறது. இன்னொருவருக்கு உள்ளே திரும்புகிறது. புறமுகர், அகமுகர் என்ற பிரிவு இங்கிருந்து வந்தது.

இதோடு இன்னும் இரண்டு இணைகளை யுங் சேர்த்தார். உலகத்தை அறிவதில் ஐம்புலன்களைச் சார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம், உள்ளுணர்வைச் சார்ந்திருப்பவர்கள் மறுபக்கம். முடிவெடுப்பதில் தர்க்கத்தை முன்வைப்பவர்கள் ஒரு பக்கம், மனிதர்களின் மனத்தை முன்வைப்பவர்கள் மறுபக்கம். 1921இல் வந்த அவருடைய 'உளவியல் வகைகள்' நூல் 1923இல் ஆங்கிலத்தில் வெளியானது.

கேதரின் அதைப் படித்தார். தான் ஆண்டுக்கணக்கில் தேடியதை ஒருவர் தன்னைவிட ஆழமாக எழுதிவிட்டார் என்று உணர்ந்து, தன் பழைய குறிப்புகளை எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். 1926இல் 'நியூ ரிபப்ளிக்' இதழில் யுங்கின் வகைகளைச் சாதாரண வாசகர்களுக்கு விளக்கிக் கட்டுரை எழுதினார். ஒருவர் தன்னைத்தானே அறிந்துகொள்ள இது உதவும் என்பது அவர் நம்பிக்கை. கடினமான நூலொன்று பொது வாசகர் படிக்கும் பக்கத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

மகள் எழுதிய கேள்விகள்

இசபெல் இதற்குள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இடையில் துப்பறியும் நாவல் எழுதி, போட்டியொன்றில் பரிசும் பெற்றிருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அவர் பாதை மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, வீட்டைவிட்டு வெளியே வேலை பார்த்தறியாத பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும்? பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொண்டவர் எத்தனை நாள் தாங்குவார்? ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததால் உலகமே எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த இசபெலுக்கு, தாயின் ஆர்வம் அவசரத் தேவையாகத் தெரிந்தது.

1942இல், ஆட்களை வேலைக்குப் பொருத்தும் ஒரு சோதனையைப் பற்றி 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் படித்தார். அந்தச் சோதனை அவருக்குத் திருப்தி தரவில்லை. யுங்கின் வகைகளை வைத்துத் தானே ஒன்றைச் செய்துவிடுவது என்று உட்கார்ந்தார். ஃபிலடெல்ஃபியா வங்கியொன்றில் பணியாளர் துறையைக் கவனித்த எட்வர்ட் ஹேயிடம் சேர்ந்து, சோதனை தயாரிப்பதையும் மதிப்பெண் கணக்கிடுவதையும் புள்ளியியலையும் கற்றுக்கொண்டார். கேள்விகளை முதலில் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். பிறகு தன் பிள்ளைகளோடு படித்த மாணவர்களிடம். 1943இல் முதல் தாள் பதிப்புரிமை பெற்றது. இன்றைய பெயர் 1956இல் வந்தது.

அந்தக் கேள்விகளின் கட்டமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். "நீங்கள் ஒழுங்கானவரா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? ஆகவே இசபெல் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பதில்களும் மதிப்பானவையாக இருக்க வேண்டும், எதைத் தொட்டாலும் கூச்சம் வரக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அந்த விதிப்படி நாம் ஒரு கேள்வி எழுதிப் பார்க்கலாம். 'வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது. உங்களுக்கு எது நிம்மதி? (அ) எல்லாவற்றையும் முன்பே பட்டியல் போட்டு முடித்துவிடுவது. (ஆ) அன்றைய நிலைமையைப் பார்த்துச் செய்துகொள்வது.' முதல் பதிலைச் சொல்பவர் அதைப் பொறுப்பு என்பார். இரண்டாவதைச் சொல்பவர் அதைச் சாமர்த்தியம் என்பார். இருவருக்கும் தலைகுனிவு இல்லை. திட்டமிட்டு முடிப்பவர், போகிற போக்கில் பார்த்துக்கொள்பவர் என்ற இந்த நான்காவது இணை, தாயும் மகளும் யுங்கின் நூலிலிருந்து விரித்தெடுத்துச் சேர்த்தது. நான்கு இணைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஓர் எழுத்து; ஆக 16 வகைகள்.

இந்தத் தாளின் முதல் பெருமை இதுதான். அந்தக் காலத்து மனச்சோதனைகள் பெரும்பாலும் கோளாறைத் தேடின. இசபெலின் தாளில் கோளாறான வகையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை உண்டு, அந்தத் திறமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்று அது சொன்னது.

பிரின்ஸ்டன் முதல் பாலோ ஆல்டோ வரை

தாள் வெளியுலகுக்கு வந்த வேகம் வியப்பானது. போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். அதன் தொடக்கக் காலப் பயனர்களில் ஒன்று. பிறகு இசபெல் மருத்துவக் கல்லூரிகளின் கதவைத் தட்டினார். 45 கல்லூரிகளில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களை எழுத வைத்தார். செவிலியர் மாணவிகளிலும் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். பின்னாளில் யார் எந்த மருத்துவப் பிரிவுக்குப் போனார்கள் என்பதையும் தேடிப் பார்த்தார். பெரிய ஆய்வகம் எதுவும் அவர் பின்னால் இல்லை.

1957இல் பிரின்ஸ்டனிலுள்ள கல்விச் சோதனை நிறுவனமான ஈ.டி.எஸ். தாளை ஏற்றுக்கொண்டது. அதன் தலைவர் ஹென்றி சான்சிக்கு இதில் நம்பிக்கை இருந்தது. ஆனால் அங்கிருந்த இளம் உளவியலாளர்களுக்கு இல்லை. லாரன்ஸ் ஸ்டிரிக்கர் போன்றவர்கள் எண்களை ஆராய்ந்து, மனிதர்கள் இப்படி இரண்டு கூட்டமாகப் பிரிவதற்குச் சான்று போதவில்லை என்று எழுதினார்கள். 1962இல் கையேடு வெளியானாலும், ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் தாள் விற்கப்பட்டது. அந்த அவநம்பிக்கை கடைசிவரை நீங்கவில்லை.

1969இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மேரி மெக்காலி இசபெலோடு கைகோத்தார். 1975இல் இருவரும் வகை ஆய்வுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். அதே ஆண்டில் தாளின் வெளியீட்டுரிமை கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஒரு பதிப்பகத்துக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு அது பெருநிறுவனங்களின் பயிற்சி அறைகளுக்குள் புகுந்து உலகம் சுற்றியது. கேதரின் 1968இலேயே காலமாகிவிட்டார். இசபெல் 1980இல் மறைந்தார். அதே ஆண்டில் வந்த 'கிஃப்ட்ஸ் டிஃபரிங்' என்ற நூல்தான் வகைகளைப் பற்றி அவர் விரிவாக எழுதிவிட்டுப் போனது. தாள் உலகெங்கும் பரவியதை இருவரும் பார்க்கவில்லை. அந்தப் பாலோ ஆல்டோ பதிப்பகம் 2018இல் இவர்கள் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

பயிற்சி அறையில்

இந்தத் தாளால் நமக்கு என்ன பயன் என்று கேட்டால், பதில் பயிற்சி அறையில்தான் கிடைக்கும். பயிற்சியாளர்கள் பலர் முதலில் ஒன்று செய்யச் சொல்வார்கள்: உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். பிறகு அதையே மற்றக் கையால் போடுங்கள். இரண்டாவது முறை எழுத்து கோணும், நேரம் ஆகும், கவனம் முழுவதும் அதில் போகும்; ஆனாலும் போட்டுவிடலாம். இந்தத் தாள் காட்டும் விருப்பம் என்பது இப்படித்தான். பழகிய கை ஒன்று இருக்கிறது. மற்றக் கையும் இருக்கிறது. அகமுகரால் மேடையில் பேச முடியும்; பேசி முடித்ததும் களைத்துப்போவார், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். மேலாளர் கூட்டத்தில் திடீரென்று ஒரு திட்டத்தைச் சொல்லி, "என்னம்மா நினைக்கிறீங்க?" என்கிறார். பேசப் பேசத்தான் அவருக்கே யோசனை தெளியும். எதிரே இருப்பவர் யோசித்து முடித்த பிறகே பேசுபவர். தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். சம்மதம் என்று மேலாளர் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் காலை, திட்டத்தின் ஓட்டைகளை வரிசைப்படுத்தி நீளமாக ஒரு மின்னஞ்சல் வருகிறது. "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!" என்று இவருக்குக் கோபம். "யோசிக்க நேரமே கொடுக்கலையே சார்" என்று அவருக்கு வருத்தம். இருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. கூட்டத்தில் பேசப்போவதை முந்தின நாளே எழுத்தில் அனுப்பியிருந்தால் இந்தக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

மற்ற மூன்று இணைகளும் இதேபோல் நடைமுறைக்கு உதவுபவை. விவரம் கேட்பவரிடம் எத்தனை, எவ்வளவு, எப்போது என்று தொடங்குங்கள். கனவைப் பிறகு சொல்லலாம். பெரிய நோக்கத்தைப் பார்ப்பவரிடம் எதற்காக என்பதை முதலில் சொல்லுங்கள். எண்களை அவர் பிறகு தானே கேட்பார். தர்க்கத்தில் நிற்பவர் ஒரு வேலையிலுள்ள குறையைச் சொன்னால் அது உங்கள்மேல் உள்ள வெறுப்பல்ல; அந்த வேலையை அவர் பொருட்படுத்துகிறார் என்று அர்த்தம். மனிதர்களை முன்வைப்பவரிடம் பட்ட பாட்டை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத் திருத்தத்தைச் சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்பார். பட்டியல் போடுபவருக்குத் தேதி சொல்லுங்கள். தேதியில்லாத வேலை அவர் தூக்கத்தைக் கெடுக்கும். கடைசி நேரத்தில் உற்சாகம் வருபவருக்கு முடிவுநாளை மட்டும் சொல்லிவிட்டு, வழியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இவை வீட்டிலும் செல்லும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் கொட்டும் பிள்ளையும் உண்டு. சாப்பிட்டு, கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு, படுக்கப்போகும்போது சொல்லும் பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளையிடம் வாசலிலேயே கேள்வி கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்ற பதில்தான் வரும்.

அளவுகோலின் குறை

பயன் இவ்வளவு இருந்தும், உளவியல் துறை இந்தத் தாளை இன்றுவரை முழு மனத்தோடு ஏற்கவில்லை. அதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

உயரத்தை அளந்தால் பெரும்பாலானவர்கள் நடுத்தர உயரத்தில்தான் இருப்பார்கள். ஆளுமையும் அப்படித்தான். அகமுகம், புறமுகம் என்று இரண்டு தனிக் கூட்டங்கள் இல்லை; நடுவில்தான் கூட்டம் அதிகம். தாளோ நடுவில் ஒரு கோடு கிழிக்கிறது. நூற்றுக்கு 49 எடுத்தவருக்கு ஓர் எழுத்து, 51 எடுத்தவருக்கு எதிர் எழுத்து. 51க்கும் 95க்கும் ஒரே எழுத்து. கோட்டை ஒட்டி நிற்பவர் அடுத்த மாதம் எழுதினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதச் சொன்னால் பாதிப் பேர்வரை வேறு வகைக்கு மாறிவிடுகிறார்கள் என்று டேவிட் பிட்டெஞ்சர் 1993இல் எழுதினார். அதற்கு முன்பே, 1991இல், அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் அறிக்கை, வேலை வழிகாட்டுதலுக்கு இதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தது.

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் நம்புவது 'பெரும் ஐந்து' என்ற அளவுகோலை. அது மனிதர்களை வகைகளில் அடைப்பதில்லை. ஐந்து குணங்களில் ஒவ்வொருவரும் எந்த அளவில் இருக்கிறார் என்று பார்க்கிறது. மெக்ரே, கோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மையர்ஸ்–பிரிக்ஸின் நான்கு இணைகளும் அந்த ஐந்தில் நான்கோடு தொடர்பு காட்டின. விடுபட்டது ஐந்தாவது: எளிதில் கலங்கும், கவலைப்படும் இயல்பு. யாரையும் புண்படுத்தக்கூடாது என்று கட்டிய தாளில் அதற்கு இடமில்லாமல் போனது. ஆக, தாயும் மகளும் அளக்கப் பார்த்தவை கற்பனை அல்ல. கோடு கிழித்ததுதான் தவறு.

வகை விளக்கத்தைப் படித்ததும் 'இது அப்படியே நான்தான்' என்று தோன்றுவதையும் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களிடம் ஓர் ஆளுமைச் சோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்தார். உண்மையில் எல்லோருக்கும் ஒரே வாசகம். அதுவும் சோதிடப் புத்தகமொன்றிலிருந்து தொகுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது 5க்கு 4க்கும் மேல் சராசரி மதிப்பெண் வந்தது. 1949இல் வெளியான ஆய்வு இது. பொதுவாகவும் இதமாகவும் எழுதிய எதுவும் நமக்கென்றே எழுதியதாகத் தோன்றும்.

யுங்குக்கே இந்தப் பயம் இருந்தது. தன் நூலின் ஸ்பானியப் பதிப்புக்கு 1934இல் எழுதிய முன்னுரையில், மனிதர்களுக்குச் சீட்டு ஒட்டிப் பிரித்து வைப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் எச்சரித்திருந்தார்.

நான்கு எழுத்து அடையாள அட்டை

யுங் எச்சரித்தது நடந்துவிட்டது. பெரும்பாலும் இலவச இணையத் தாள்களின் வழியாக, இந்த எழுத்துகள் இளைஞர்களின் கைபேசிக்கு வந்தன. தென்கொரியாவில் அறிமுகமான சில நிமிடங்களிலேயே 'உன் எம்.பி.டி.ஐ. என்ன?' என்று கேட்பது சகஜமாகிவிட்டது. காதல் துணையை எழுத்துப் பொருத்தம் பார்த்துத் தேடுகிறார்கள். வேலை விளம்பரங்கள் சிலவற்றில் இன்னின்ன வகையினர் விண்ணப்பிக்க வேண்டாம் என்றுகூட வந்தது. 2022 அதிபர் தேர்தலின்போது வேட்பாளர்களின் வகையும் செய்தியானது.

ஜாதகக் கட்டம் பார்த்து மனிதரை ஒதுக்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று வெளியீட்டு நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது. அதைக் கேட்காமல் பயன்படுத்துபவர்கள், வித்தியாசத்தை மதிக்கப் பிறந்த ஒன்றை வைத்து வித்தியாசமானவர்களை வடிகட்டுகிறார்கள். இசபெலின் உழைப்புக்குச் செய்யும் பெரிய அநீதி இது.

இந்தத் தாளை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். எதிரே இருப்பவர் வேண்டுமென்றே நம்மை எரிச்சலூட்டவில்லை, அவர் மனம் வேறுவிதமாக வேலை செய்கிறது என்ற ஒரு செய்தியை இவ்வளவு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த தாள் அது. அந்தச் செய்தி முழு உண்மை. நான்கு எழுத்து மட்டும் பாதி உண்மை.

ஆகவே, அடுத்த முறை இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால் தயங்காமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும், உங்களோடு வேலை செய்பவரிடம் அதைக் காட்டி இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "உங்களுக்கு ஒரு விஷயத்தை எப்படிச் சொன்னால் வசதி? நான் பேசும் விதத்தில் எது உங்களுக்குச் சிரமம்?" பதிலைக் கேட்டு உங்கள் பழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கவும், மணம் பேசவும், பிள்ளைக்குப் படிப்பைத் தீர்மானிக்கவும் மட்டும் தயவுசெய்து இந்தத் தாளைத் தொடாதீர்கள்.